பேசாதிருப்பது குற்றமா?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நம் குடும்பத்தில் ஒரு மரணம் நேர்ந்தது. காலமானவர் நமக்குச் சித்தப்பா மகன், தம்பி முறை. ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே திண்ணையில் அமர்ந்து நம்மோடு வாய்ப்பாடு ஒப்பித்தவர். அச்சமயம் முழங்கால் நோவினால் மாடிப்படி இறங்கவும் இயலாத நிலையில் இருந்தோம். தகனத்திற்கும் போகவில்லை, அதன் பின்னர் நடந்த சடங்குகளுக்கும் போகவில்லை.

உறவினர் எண்பத்து மூவர் சேர்ந்துள்ள வாட்ஸப் குழு ஒன்று நம் குடும்பத்தில் உண்டு. (அதற்குப் புலனம் என்று தமிழ்ப்பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஐம்புலன்களையும் அடக்கச் சொல்லும் சமயத்தில் பிறந்தவர்களுக்கு இப்பெயர் ஓர் எச்சரிக்கையாகவும் இருக்கக்கூடும்.) அன்று விடியற்காலையில் காலமானவரின் மகள் அக்குழுவில் செய்தியை அறிவித்தாள். அப்போது தொடங்கி இரவு வரை இரங்கல்கள் வந்தவண்ணம் இருந்தன. கூப்பிய கைகள், அணையா விளக்கின் படங்கள், ‘ஆழ்ந்த இரங்கல்’ என்ற இரு சொற்கள். ஒருவர் எழுதியதையே அடுத்தவரும் எழுதினார். சிலர் ‘ஆத்மா சாந்தியடையட்டும்’ என்றும் எழுதியிருந்தார்கள். உடலை விட்ட உயிர் தன் வினைக்கேற்ற அடுத்த கதிக்குத் தாமதமின்றிச் சென்றுவிடுகிறது என்று படித்து வளர்ந்தவர்களே இப்படி எழுதுகிறார்களே என்று நமக்குச் சற்று எரிச்சலும் வந்தது. எல்லாவற்றையும் படித்தோம். ஒன்றும் எழுதவில்லை.

எண்பது பேர் எழுதிய அதே சொற்களை எண்பத்தோராவதாக நாமும் எழுதினால் யாருக்கு என்ன பயன் என்பது அன்று நமக்குத் தோன்றிய நியாயம். பிறகு நிதானமாக ஒரு கடிதம் எழுதலாம் என்று எண்ணினோம். எழுதவும் தொடங்கினோம். முதல் தாளில் எழுத்து சரியாக அமையவில்லை. இரண்டாவதில் சொல் சரியாக அமையவில்லை. நான்கு தாள்கள் கிழிந்தன. ஒரு மாதமும் கழிந்தது.

கால் சற்றுத் தேறியபின் நேரில் சென்றோம். தம்பி மகள் முறைப்படி வரவேற்றாள், காப்பி கொடுத்தாள், தகப்பனாரின் கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னாள். புறப்படும் வேளையில், குரலில் கோபம் சிறிதுமின்றி, இதையும் சொன்னாள்: “ராத்திரியெல்லாம் தூக்கம் வராது அத்தை. அந்த மெசேஜையெல்லாம் திரும்பத் திரும்பப் படிச்சிட்டிருப்பேன். உங்க பேரு இருக்கான்னு தேடினேன். நீங்க படிச்சிட்டீங்கன்னு மட்டும் தெரிஞ்சது.”

தான் அனுப்பிய செய்தியை யார் யார் எத்தனை மணிக்குப் படித்தார்கள் என்பதை அனுப்பியவருக்கு அக்கருவி பட்டியலிட்டுக் காட்டிவிடும். அந்தப் பட்டியலில் நாம் இருந்தோம். பதில் எழுதியவர்களிடையே நாம் இல்லை.

குறைவாகப் பேசுவதை வாழ்நாள் முழுவதும் நம்முடைய நற்குணங்களுள் ஒன்றாகவே எண்ணி வந்திருக்கிறோம். திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் இதே சிந்தனையாக இருந்தது. பேசாதிருப்பதும் ஒரு குற்றமாகுமா? ஆகுமெனில் எப்போது ஆகும்?

இயல்பாகவே பேச்சுக் குறைந்தவர்களைப் பற்றி நாம் முதன்முதலில் பாடமாகப் படித்தது 1970ஆம் ஆண்டில், ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில். கல்வி உளவியல் என்ற பாடத்தில் ஆளுமை பற்றி ஒரு பகுதி உண்டு. மனிதரை அகமுகர், புறமுகர், இருமுகர் என்று மூவகையாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் நான்கு இலக்கணங்கள் கொடுத்திருப்பார்கள். அகமுகர் தனிமையை விரும்புவர், கூச்சமுடையவர், எளிதில் பழகார், கற்பனையில் மூழ்கியிருப்பர். இதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். பாடநூலில் சொன்ன நான்கும் நமக்கே பொருந்துகின்றனவே என்று அப்போது தோன்றியதுண்டு. அதை யாரிடமும் சொல்லவில்லை. அகமுகர் சொல்லமாட்டார் அல்லவா!

இப்பாகுபாட்டை உலகறியச் செய்தவர் சுவிட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் கார்ல் யுங். மனித வகைகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1921இல் வெளிவந்தது. அவர் சொன்னது பாடநூலில் இருந்ததைக் காட்டிலும் நுட்பமானது. மனத்தின் ஆற்றல் வெளிப்பொருள்களை நோக்கிப் பாய்வதும் உள்நோக்கித் திரும்புவதும் ஆகிய இரண்டும் எல்லா மனிதரிடத்தும் உண்டு. எது வழக்கமாக மேலோங்கி நிற்கிறதோ அதைக் கொண்டே ஒருவரை இன்னார் என்கிறோம் என்பது அவர் கருத்து. பின்னர் இங்கிலாந்தில் ஐசெங்க் என்பவர் இதை மூளையின் விழிப்பு நிலையோடு தொடர்புபடுத்தினார். சிலருக்கு உள்ளேயே விழிப்பு மிகுந்திருக்கிறது. அவர்களுக்கு வெளியிலிருந்து வரும் சந்தடி விரைவில் மிகையாகிவிடுகிறது. வேறு சிலருக்கு அது குறைவு. அவர்கள் கூட்டத்தையும் கலகலப்பையும் தேடிச் செல்கிறார்கள். நிறைகுடத்தில் ஒரு சொம்பு ஊற்றினாலும் வழியும். அரைக்குடம் இன்னும் கேட்கும். இதில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. இன்றைய உளநூலார் மனிதரை இரு பெட்டிகளில் அடைப்பதில்லை. ஒரு கோட்டின் இரு முனைகளாகவே இவற்றைக் கொள்கிறார்கள். பெரும்பாலோர் நடுப்பகுதியில்தான் இருக்கிறார்கள்.

பாடநூல் செய்த ஒரு பிழையை மட்டும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். அது கூச்சத்தையும் அகமுகத்தையும் ஒன்றாக்கிவிட்டது. கூச்சம் என்பது பிறர் நம்மை என்ன நினைப்பார்களோ என்ற அச்சம். அகமுகம் என்பது அச்சமன்று. தனிமையில் தெம்பு பெறும் இயல்பு. கூச்சமே இல்லாத அகமுகரும் உண்டு. கூட்டத்தை மிகவும் விரும்பி, ஆனால் அஞ்சி ஒதுங்கி நிற்கும் புறமுகரும் உண்டு. பின்னவர் படும் துன்பம் பெரிது.

இந்த வேறுபாடு தெரியாமல் நாம் ஒரு தீங்கு செய்திருக்கிறோம். 1979ஆம் ஆண்டு என்று நினைவு. ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். கேட்டாலொழியப் பேசமாட்டாள், கேட்டாலும் தலை குனிந்து ஒரு சொல். ஆனால் கட்டுரை நோட்டில் அவள் எழுதியிருப்பதைப் படித்தால் வகுப்பிலேயே மிகுதியாகக் கவனிப்பவள் அவள்தான் என்பது விளங்கும். மழையில் நனைந்த எருமையின் முதுகைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தாள்; இன்றும் நினைவில் நிற்கிறது. வெள்ளிக்கிழமைகளில் கடைசிப் பாடவேளையில் மாணவர் மன்றம் நடக்கும். ‘இவளுடைய கூச்சம் தெளியட்டும்’ என்று நல்லெண்ணத்தோடு ஒரு வெள்ளிக்கிழமை அவளைப் பேச்சுக்கு நிறுத்தினோம். முதல் வாக்கியத்திற்குப்பின் குரல் எழவில்லை. நாம் விடவில்லை. ‘பேசிவிட்டுத்தான் உட்கார வேண்டும்’ என்றோம். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் நின்றுகொண்டே இருந்தாள். மறு வாரம் முழுவதும் பள்ளிக்கு வரவில்லை. ஆண்டிறுதியில் அவளுடைய முன்னேற்ற அட்டையில் ‘வகுப்பு நடவடிக்கைகளில் கலந்துகொள்வதில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டோம். நாமே அகமுகராயிருந்தும் இதைச் செய்தோம். தம்மிடமுள்ள குறையென்று தாம் கருதுவதைப் பிறரிடம் திருத்த முற்படுவதில் ஆசிரியர்களுக்கு ஒரு தனி வேகம் உண்டு.

இனி இக்காலத்துக்கு வருவோம். முன்பெல்லாம் பேசாதவர் ஒருவர் ஒரு நிகழ்ச்சிக்கு வந்தால் அவர் வந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். கோயில் திருவிழாவில் ஓரமாக அமர்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருப்பார். கல்யாண வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருப்பார். துக்க வீட்டில் திண்ணையின் கோடியில் துண்டைத் தோளில் போட்டபடி அமர்ந்திருப்பார். வாய் பேசாவிட்டாலும் உடம்பு பேசிற்று. கைப்பேசிக் குழுவில் உடம்பு இல்லை. எழுத்து ஒன்றுதான் உண்டு. எழுதாதவர் அங்கே வரவே இல்லை. பேசாதவருக்கு இவ்வளவு கடுமையான சபையை மனிதர் இதற்குமுன் அமைத்ததில்லை என்றே தோன்றுகிறது.

அதற்குமேல் கணக்கும் சேர்ந்துகொண்டது. முகநூலில் விருப்பக்குறி 2009இல் வந்தது. அன்று முதல் அன்பு எண்ணப்படும் பொருளாயிற்று. வாட்ஸப் தோன்றியதும் அதே ஆண்டில்தான். 2014ஆம் ஆண்டு நவம்பரில் படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக்குறிகளை அதில் சேர்த்தார்கள். அதுவரை ‘பார்க்கவில்லை போலும்’ என்று பிறர் நமக்காக ஒரு சமாதானம் கற்பித்துக்கொள்ள இடமிருந்தது. அந்தச் சிறு இரக்கத்துக்கும் இடமில்லாமற் போயிற்று. (அக்குறியை மறைத்துவைக்க வழியுண்டு என்று பின்னர் அறிந்தோம். ஆனால் குழுச் செய்திகளை அது மறைப்பதில்லை.) குழுவிலிருந்து சத்தமின்றி விலகலாம் என்றால், 2022 வரை ‘இன்னார் வெளியேறினார்’ என்று எல்லோருக்கும் பறையறைந்து சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது குழுவை நடத்துபவருக்கு மட்டும் அறிவிக்கும்படி மாற்றியிருக்கிறார்கள். அந்த மாற்றத்தைக் கேட்டுப் பெற்றவர் யாரோ ஓர் அகமுகராகத்தான் இருப்பார்.

பேசாதவர் ஏதோ ஒருவர் இருவர் என்று எண்ணவேண்டாம். இணையக் கூட்டங்களை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் என்பவர் 2006இல் ஒரு பொதுக்கணக்குச் சொன்னார். நூறு பேர் சேர்ந்த இடத்தில் தொண்ணூறு பேர் படிப்பதோடு நிற்பர். ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவர். பெரும்பகுதியை எழுதுபவர் ஒருவரே. இடத்துக்கு இடம் இக்கணக்கு மாறலாம். ஆனால் வகுப்பறையில் முப்பத்தாறு ஆண்டுகள் நின்றவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஐம்பது பிள்ளைகளில் கை தூக்குவோர் ஐவர். அந்த ஐவரைப் பார்த்தே ‘வகுப்புக்குப் புரிந்துவிட்டது’ என்று நாம் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். குழுக்களிலும் இதுவே நடக்கிறது. ஒருவர் பேசுவது ஊரின் பேச்சாகத் தெரிகிறது.

அதற்காக இக்கருவியே பேசாதவர்களுக்குப் பகை என்று முடிவுகட்டவும் இயலவில்லை. நம் பேத்தியைப் பார்க்கிறோம். கல்யாண வீட்டில் யாராவது ‘என்ன படிக்கிறாய்?’ என்று கேட்டால் தாயின் பின்னால் ஒளியாத குறைதான். அவளே தன் தோழியர் மூவரோடு கைப்பேசியில் பக்கம் பக்கமாக எழுதுகிறாள். ‘அதிலே மட்டும் எப்படியம்மா?’ என்று கேட்டோம். “யோசிச்சு எழுதலாம் பாட்டி. தப்பா வந்தா அழிச்சிடலாம். எதிர்ல நிக்கறவங்க முகத்தைப் பார்க்க வேண்டாம்” என்றாள். உண்மைதான். நிதானமாகச் சிந்தித்து எழுத விழைவோருக்குக் கடிதம் செய்த உதவியை இதுவும் செய்கிறது. எண்பத்து மூவர் அடங்கிய சபையும் மூவர் அடங்கிய திண்ணையும் ஒரே கருவிக்குள் இருக்கின்றன. திண்ணையில் தாராளமாகப் பேசுபவர் சபையில் வாய் திறவாமலிருப்பது புதிதன்று.

பேத்தி மற்றொன்றும் சொன்னாள். கைப்பேசியில் ஏதோ வினாத்தாள் நிரப்பியதில் தான் நான்கு எழுத்துக்களால் குறிக்கப்படும் ஒரு வகை என்று தெரிந்ததாம். அதன் முதல் எழுத்து அகமுகத்தைக் குறிப்பதாம். ‘நான் இப்படித்தான் பாட்டி, இனிமேல் யாரும் என்னைப் பேசச்சொல்ல முடியாது’ என்று சான்றிதழ் பெற்றவளைப்போல் மகிழ்ந்தாள். பதினாறு வகைகள் கொண்ட இம்முறையின் மூலத்தை அமைத்தவர்கள் அமெரிக்கப் பெண்மணிகள் இருவர்: காதரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும். யுங்கின் நூலைப் படித்து, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மகள் இவ்வினாக்களை வகுத்தார். இருவரும் உளவியலை முறையாகப் பயின்றவர்களல்லர். சில வாரங்கள் கழித்து மீண்டும் நிரப்பினால் பலருக்கு வேறொரு வகை வந்துவிடுகிறது என்பது ஆராய்ச்சியாளர் சொல்லும் குறை.

அக்குழந்தையின் மகிழ்ச்சியை நாம் கெடுக்க விரும்பவில்லை. ‘உன்னிடம் கோளாறு ஒன்றுமில்லை’ என்று அவளிடம் சொன்ன முதல் ஆசிரியர் அந்த வினாத்தாள்தான். 1979இல் நம் வகுப்பிலிருந்த சிறுமிக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. எனினும் ‘நான் இப்படித்தான்’ என்ற சொல்லில் நமக்கு உடன்பாடில்லை. ஆன்மாவின் குணம் அறிதலும் காண்டலும் என்று படித்திருக்கிறோம். பேச்சுக் குறைவும் பேச்சு மிகுதியும் குணமல்ல. பர்யாயங்கள், வந்து மாறும் நிலைகள். ‘ஒருவகையில் இவள் அகமுகி’ என்று சொல்லலாம். ‘ஒருவகையில்’ என்ற சொல்லைக் கழற்றிவிட்டால் அது ஏகாந்தவாதமாகிவிடும். பெயரிடுவது ஒருவரைப் புரிந்துகொள்ள உதவும். கடமையிலிருந்து தப்பிக்கவும் உதவும். நாமும் ஐம்பது ஆண்டுகளாக ‘நமக்குப் பேசத் தெரியாது’ என்ற பெயரின் நிழலில் சுகமாக அமர்ந்திருந்தோம்.

வாக்கை அடக்குவதைப் பெருமையாகச் சொல்லும் மரபு நம்முடையது. மனம், வாக்கு, காயம் மூன்றையும் காப்பது குப்தி. தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் உமாஸ்வாமி இதை வரையறுக்கும்போது அடக்கம் என்ற சொல்லோடு நிறுத்தவில்லை. ‘சம்யக்’ என்ற அடைமொழியைச் சேர்த்திருக்கிறார். நன்முறையில் அடக்கியதே குப்தி. பூட்டிய கதவும் மௌனமாகத்தான் இருக்கிறது. அதற்கு யாரும் வசனகுப்தி என்று பெயரிடமாட்டார்கள். அன்றியும், குப்தியை அடுத்தே சமிதியை வைத்தார். ஐந்து சமிதிகளில் பாஷா சமிதி ஒன்று. அது பேசாமையைப் பற்றியதன்று. அளந்து, நன்மை பயக்குமாறு பேசுவதைப் பற்றியது. குறளிலும் பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரம் இருப்பதுபோலவே அவையஞ்சாமைக்கும் ஓர் அதிகாரம் இருக்கிறது. முன்னதைப் படித்த அளவுக்குப் பின்னதை நாம் படிக்கவில்லை.

அப்படியானால் அன்று நாம் காத்த மௌனம் எத்தகையது? பேருந்தில் அமர்ந்து இதைத்தான் ஆராய்ந்தோம். ஒன்பது நோகஷாயங்களுள் பயமும் ஒன்று. நம் மௌனத்தில் பயம் இருந்தது. அந்தச் சிறிய எழுத்துப் பலகையில் விரல் தவறினால் ஒற்று விட்டுப்போகும். ‘தமிழாசிரியையே பிழையாக எழுதுகிறார்’ என்று எண்பத்து மூவரில் யாரேனும் நகைத்தால்? சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. பயத்தைக் காட்டிலும் மிகுதியாக இருந்தது மற்றொன்று. நான்கு கஷாயங்களில் இரண்டாவதாகிய மானம் என்னும் செருக்கு. எல்லோரும் எழுதும் தேய்ந்த சொற்களை நாம் எழுதுவதா என்ற எண்ணம். நான்கு தாள்களைக் கிழித்ததும் துக்கத்தாலன்று, வாக்கிய அழகுக்காக. தந்தையை இழந்தவள் ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தபோது நாம் நடையைத் திருத்திக்கொண்டிருந்தோம். இதை அடக்கம் என்று எப்படிச் சொல்வது?

அந்தத் தேய்ந்த சொற்களைப் பற்றியும் நம் எண்ணம் இப்போது மாறியிருக்கிறது. துக்கம் விசாரிக்கப் போகும் நம் ஊர்ப் பெண்கள் என்ன புதிதாகச் சொல்லிவிடுகிறார்கள்? கையைப் பிடித்துக்கொள்வார்கள். ‘என்னம்மா செய்வது, வினைப்பயன்’ என்பார்கள். எல்லோரும் அதையே சொல்வார்கள். புதிதாகச் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் இருந்திருந்தால் நாவன்மை படைத்த நால்வர் மட்டுமே துக்க வீட்டுக்குப் போயிருப்பார்கள். பேச வராதவர்களும் தயங்காமல் வந்து அமர வேண்டும் என்பதற்காகவே பெரியோர் சில சொற்களைச் சமைத்து வைத்திருக்கிறார்கள் போலும். வழக்குச் சொல் அகமுகர்களுக்கு முன்னோர் விட்டுச்சென்ற உதவி. அதைப் பழித்துக்கொண்டு நாமே அதை உதறியிருக்கிறோம். தம்பி மகள் இரவில் படித்தது ‘ஆழ்ந்த இரங்கல்’ என்ற சொற்களையல்ல. அவற்றுக்கு மேலே இருந்த பெயர்களை.

ஆனால் எல்லா வழக்குச் சொல்லும் இவ்வாறு உதவுவதில்லை. தசலக்ஷண நாட்கள் முடிந்து மன்னிப்புக் கோரும் நாளன்று நம் கைப்பேசிக்கு வரும் செய்திகளை வாசகர்களும் பெற்றிருப்பார்கள். தாமரைப் படத்தின்மேல் அழகிய எழுத்தில், ‘மனம், வாக்கு, காயத்தால் தெரிந்தோ தெரியாமலோ பிழை செய்திருந்தால்’ என்று தொடங்கும். ஒரே படம் முந்நூறு பேருக்குப் போகிறது. நமக்கு ஒரு பிழையும் செய்யாதவர்கள் அனுப்புகிறார்கள்; நாமும் திருப்பி அனுப்புகிறோம். எல்லைத் தகராறில் இருபது ஆண்டுகளாகப் பேசாத இரு குடும்பத்தார் ஒரே குழுவில் ஒரே படத்தை வெளியிட்டிருந்ததையும் பார்த்தோம். அங்கே சொல் ஒருவரைச் சென்று சேரவில்லை. அந்த ஒருவரிடமிருந்து ஒளிந்துகொள்ள உதவியது. இவ்வகைப் பேச்சும் நாம் அன்று காத்த மௌனமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று தோன்றுகிறது.

பகவான் மகாவீரர் துறவு பூண்டபின் பன்னிரண்டு ஆண்டுகள் மௌனமாகத் தவமிருந்தார் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவார்கள். கேவல ஞானம் எய்திய பின்னரும் அறுபத்தாறு நாட்கள் திவ்யத்வனி எழவில்லை என்பது நம் மரபு. சமவசரணம் இருந்தது, தேவரும் மாந்தரும் விலங்குகளும் கூடியிருந்தனர். ஏற்று உணரத்தக்க கணதரர் ஒருவர் வரவில்லை. இந்திரபூதி கௌதமர் வந்து சேர்ந்த பின்னரே, இராஜகிருகத்து விபுலமலையில் அவ்வொலி எழுந்தது. ஜினேந்திரரின் மௌனத்தோடு நம் கூச்சத்தை ஒப்பிடுவது அபசாரம். அந்த நோக்கத்தோடு இதைச் சொல்லவில்லை. திரண்டிருந்த கூட்டத்தால் எழாத ஒலி ஒருவர் வந்ததும் எழுந்தது என்ற செய்தியை மட்டும் அண்மைக்காலமாகப் பலமுறை நினைத்துக்கொள்கிறோம்.

கூட்டத்துக்கு நாம் கடன்பட்டவர்களல்லர் என்பதில் நமக்கு இப்போது ஐயமில்லை. காலை வணக்கப் படத்துக்குப் பதில் எழுதாவிட்டால் பாவமில்லை. அரசியல் சண்டையில் ஒரு பக்கம் சேராவிட்டால் பாவமில்லை. ‘ஏன் எதற்குமே பதில் போடுவதில்லை?’ என்று குழு நடத்துவோர் பட்டியல் எடுத்துக் கேட்பது முறையுமன்று. 1979இல் வெள்ளிக்கிழமை மாலையில் நாம் செய்ததையே அவர்கள் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் ஒருவர் நம் பெயருக்காகக் காத்திருக்கும் நேரங்கள் உண்டு. துக்கம், நோய், ஒரு பிள்ளையின் தேர்ச்சி. அப்போது பிழையோடாவது ஒரு வரி எழுதத்தான் வேண்டும். சபையில் எழுத மனம் ஒப்பாவிட்டால், குழுவில் வந்த செய்திக்கு அனுப்பியவருக்கு மட்டும் தெரியும்படி தனியாகப் பதில் அனுப்பும் வசதி அதிலேயே இருக்கிறது. செய்தியின்மேல் விரலைச் சற்று அழுத்திப் பிடித்திருந்தால் வருகிறது. பேத்தி கற்றுக்கொடுத்தாள். இவ்வளவு நாள் அது தெரியாமலிருந்ததற்கு நம் வயது காரணமன்று; தேடவில்லை, அவ்வளவே.

பழைய மாணவர்கள் குழு ஒன்றிலும் சில மாதங்களுக்குமுன் நம்மைச் சேர்த்தார்கள். உறுப்பினர் பெயர்களை ஒருநாள் பார்த்துக்கொண்டே வந்தபோது அந்தச் சிறுமியின் பெயர் தென்பட்டது. இப்போது ஐம்பத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். நாம் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஒரு வரிகூட எழுதியதில்லை என்று, பழைய செய்திகளையெல்லாம் தேடிப் பார்த்த பேத்தி சொன்னாள்.

இவ்வாண்டு மன்னிப்பு நாளன்று தாமரைப் படம் எதையும் நாம் யாருக்கும் அனுப்பவில்லை. அந்த ஒரு பெயருக்குத் தனியாக எழுதினோம். மாணவர் மன்றத்தையும், ‘பேசிவிட்டுத்தான் உட்கார வேண்டும்’ என்று நாம் சொன்னதையும், முன்னேற்ற அட்டையில் எழுதியதையும் குறிப்பிட்டோம். எருமையின் முதுகைப் பற்றி அவள் எழுதியது நினைவிருக்கிறது என்றும் சேர்த்தோம். ஒருமுறைதான் எழுதினோம், திருத்தவில்லை. அனுப்பிய பிறகு பார்த்தால் இரண்டு இடங்களில் ஒற்றுப்பிழை.

அன்று மாலையே இரண்டு நீலக்குறிகள் விழுந்துவிட்டன. பன்னிரண்டு நாட்களாகின்றன. பதில் வரவில்லை. நாள்தோறும் காலையில் சாமாயிகம் முடித்தபின் ஒருமுறை எடுத்துப் பார்க்கிறோம்.